ஒன்று புள்ளி மூன்று நொடி

1-3-2025, சனி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வாரச் சுற்றில் இருபத்து நான்கு கல்லுக்கும் நடக்க வேண்டும். பதினெட்டுக்குத்தான் நடந்தேன். ஒன்பதாம் கல் முதல் பதினான்காம் கல் வரை விட்டுவிட்டேன். ஆனால் தாளில் இருபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் இருக்கிறது. எழுதினால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும் என்பதால் எழுதவில்லை.

பிரிஸ்கில்லா இதை எழுதி முடித்தபோது மாலை வகுப்புக்கு இன்னும் ஆசிரியர் வரவில்லை. உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆறரைக்கு அந்த வகுப்பு. தபால் வழியில் இயற்பியல் பட்டம் படிப்பவர்கள் பதினோரு பேர் வருவார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கால் மணி நேரத்தில் அவள் நாட்குறிப்பை எழுதிவிடுவாள். கடைசி வரியை அடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அடித்தால் ஏன் அடித்தாய் என்று பிறகு தன்னையே கேட்க வேண்டியிருக்கும். அப்படியே விட்டாள்.

பகலில் அவள் வேலை செய்வது மானாம்பதிச் சாலையை விட்டு ஏரிக்கரை மேலேயே இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வரும் ஒரு கொட்டாயில். சென்னையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் அணு இயற்பியல் துறை கட்டியது. ரயில், லாரி, மின்கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தேடி அலைந்து, கடைசியில் ஏரிக்கும் கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே கிடந்த துண்டு நிலத்தைப் பிடித்தார்கள். ஊரில் யாரும் வீடு கட்டவோ போர் போடவோ ஆசைப்படாத இடம் என்பதால் கேட்டவுடன் கிடைத்தது.

கொட்டாய்க்குள் செங்கல் மேடை. மேடை மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவி. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். உள்ளே இருக்கும் அணுக்கள் பூமியின் காந்தத்தில் பம்பரம் போலத் தலையாட்டிக்கொண்டிருக்கும். காந்தம் கூடினால் ஆட்டம் வேகமாகும், குறைந்தால் மெதுவாகும். வெளியே வரும் ஒளியில் அந்த ஆட்டம் பதிந்திருக்கும். முப்பது மீட்டர் தள்ளி இருந்த மிஷின் ரூமில் கணினி அதைக் கோடாக வரையும். பூமியின் காந்தத்தில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலும் அந்தக் கோடு அசையும்.

அதனால் அங்கே இரும்புக்கு இடமில்லை. கொட்டாயைக் கட்டியவர் ஏரிக்கரைக் குடியிருப்பில் இருக்கும் துரை. இருளர். ஒரு ஆணிகூட அடிக்காமல் பனங்கழியும் கயிறும் நாருமாகவே கட்டி முடித்து, அங்கேயே காவலுக்கும் சேர்ந்தார். ஒரு வருடமாக அவர் தன் வெட்டுக்கத்தியைக் கரை மேலேயே வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். பிரிஸ்கில்லாவும் சைக்கிளையும் போனையும் சாவியையும் அங்கேயே விட்டுவிட்டு, துப்பட்டாவுக்கு ஊக்கு இல்லாமல், கழுத்தில் நூலில் கோத்த மரச்சிலுவையோடு உள்ளே போவாள். காலையும் மாலையும் குமிழின் வெப்பத்தைக் குறிப்பது அவள் வேலை. சனிக்கிழமை வாரச் சுற்று. கொட்டாயைச் சுற்றிப் பதினைந்து மீட்டரில் வட்டமாக நட்ட இருபத்து நான்கு கற்களில் ஒவ்வொன்றிலிருந்தும் கொட்டாய் வரை நேராக நடந்து, சோடா மூடி, கம்பித் துண்டு, தகரம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை, ஒன்பதாம் கல்லுக்கும் பதினான்காம் கல்லுக்கும் எதிரே, கல்லறைத் தோட்டத்தில் சாம்சனைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்று வேலையில் செத்துப்போனவன். வயது இருபத்தாறு. போன வருடம் அவன் வீட்டிலிருந்து பிரிஸ்கில்லாவைப் பெண் கேட்டு வந்தார்கள். படிக்கிறாள், இப்போது வேண்டாம் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அவனைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில், காலனி முழுக்க நின்று பார்க்க, காசைத் தொலைத்தவள் போலத் தரையைப் பார்த்தபடி முன்னும் பின்னும் நடக்க அவளுக்குக் கால் வரவில்லை. எட்டாம் கல்லோடு திரும்பி, மறுபக்கமாகப் பதினைந்தாம் கல்லுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆதிலட்சுமி வந்தாள். அந்தக் கொட்டாய் அவளுடைய ஆய்வுக்காகக் கட்டியது. பிரிஸ்கில்லாவை விட ஏழு வயது பெரியவள். மேடம் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அக்கா என்றால்தான் திரும்புவாள். நான்கு வருடமாக இதே வேலை. முதலில் சென்னையில் வளாகத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். மின்சார ரயில் போகும்போதெல்லாம் கோடு குதித்தது. ஆறேழு பேரிடம் கையெழுத்து வாங்கி இந்த இடத்தை ஒரு வருடத்துக்குப் பெற்றாள். வருடம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. நீட்டிப்பதா மூடுவதா என்று இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆய்வுக் குழு கூடி முடிவு செய்யும். பதினோரு மாதத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுடைய ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு மாலைப் பதிவைத் திறந்த ஆதிலட்சுமி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். ஐந்து ஐம்பதுக்குக் கோட்டில் ஒரு துடிப்பு தொடங்கியிருந்தது. மெல்லிய, சீரான அலை. பெரிதாகி, சிறுத்து, மறுபடி பெரிதாகி, ஏழரை மணிக்கு அடங்கியிருந்தது. பூமிக்கு மேலே வெகு உயரத்தில் பிறந்து இறங்கும் இப்படிப்பட்ட துடிப்புகளைத் துருவப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறார்கள் என்றும், நம் பக்கத்தில் மிக அபூர்வம் என்றும் சொன்னாள். திங்கள் மாலையும் அது வந்தது. செவ்வாயும் வந்தது.

இரண்டாவது வாரத்தில் ஆதிலட்சுமி இந்தத் துடிப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் வரைவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். மேலே மூன்று பெயர். முதலில் அவள், இரண்டாவது பேராசிரியர், மூன்றாவது பிரிஸ்கில்லா. இருபத்தொன்றாம் தேதி இதைக் காட்டினால் இன்னும் ஒரு வருடம் உறுதி, உன் வேலையும் உறுதி, அடுத்த வருடம் நீ மேற்படிப்புக்கு எழுதும்போது இந்தப் பெயர் பேசும் என்றாள். பிரிஸ்கில்லா அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டாள். மடிக்காமல் நோட்டுக்குள் வைத்து எடுத்துப்போனாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை எளிது. ஒவ்வொரு மாலையும் துடிப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, ஒரு அலைக்கு எத்தனை நொடி என்று அட்டவணை போட வேண்டும். புதன்கிழமை, பத்தொன்பதாம் தேதி பகலில் உட்கார்ந்து, முந்தைய நாள் வரையிலான பதினேழு மாலைகளுக்கும் போட்டாள். ஆறாம் தேதியும் பதினொன்றாம் தேதியும் துடிப்பே இல்லை. மற்ற பதினைந்து நாளிலும் ஒரு அலைக்கு ஒன்று புள்ளி மூன்று நொடி. அலை பெரிதாக இருந்தபோதும் ஒன்று புள்ளி மூன்று, சிறிதாக இருந்தபோதும் ஒன்று புள்ளி மூன்று. தான்தான் தப்பாக எண்ணுகிறோமோ என்று நான்கு நாளுக்கு மறுபடி எண்ணினாள். மாறவில்லை.

அந்த இரண்டு வெற்று நாட்களும் அவளை உறுத்தின. நாட்குறிப்பைப் புரட்டினாள். ஆறாம் தேதி: "எதிர்காற்று இல்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டேன்." பதினொன்றாம் தேதி: "புழுக்கம். காற்றே இல்லை. சைக்கிள் லேசாகப் போனது." மற்ற வகுப்பு நாட்களில் எல்லாம் கடல்காற்று வந்துவிட்டது, மிதிக்க முடியவில்லை, தாமதம் என்றுதான் இருந்தது. வானத்தின் உயரத்தில் பிறக்கும் துடிப்புக்கும் தன் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. காற்றில் ஆடுகிற ஏதோ ஒன்று என்று தோன்றியபோது, பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்த்த கோட்டில் குற்றம் கண்டுபிடிக்க நான் யார் என்றும் கூடவே தோன்றியது.

இருந்தாலும் கணக்குப் போட்டாள். தொங்கி ஆடும் ஒரு பொருள், வீச்சு கூடினாலும் குறைந்தாலும் ஒரே நேரத்தில் ஆடி முடிக்கும். பதினோராம் வகுப்புப் பாடம். அலைக்கு ஒன்று புள்ளி மூன்று நொடி என்றால் கயிற்றின் நீளம் என்ன? முதல் தடவை வர்க்கம் போட மறந்து இரண்டு மீட்டர் என்று வந்தது. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.

ஐந்து மணிக்குக் கொட்டாய்க்குப் போனாள். உள்ளே நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்குத் தொங்கும் பொருள் எதுவும் இல்லை. கேபிள் எல்லாம் தரையோடு பதித்தது. வெளியே வந்து வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அப்போது காற்று இறங்கியது. ஏரிப் பக்கம் கோரை சாய்ந்தது. பதினோராம் கல்லுக்கும் பன்னிரண்டாம் கல்லுக்கும் நடுவே, கொட்டாயிலிருந்து நான்கு மீட்டரில், நிழலுக்காக வெட்டாமல் விட்ட ஒரு நுணா மரம் இருந்தது. அதன் இலைகளுக்குள் ஏதோ ஒன்று போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மாட்டு லாடம். தேய்ந்து வழவழப்பானது. கத்திரிப்பூ நிறத் துணிக் கிழிசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அந்தத் துணியின் ஓரத்தில் இருந்த மஞ்சள் புள்ளி அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் பழைய சேலை.

பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறி, லாடத்தைத் தொடாமல், அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். முடிச்சிலிருந்து லாடத்தின் நடு வரை நாற்பத்திரண்டரை. கணக்கு சரியாக வந்ததற்காக ஒரு நொடி அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் முக்காலியிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

துரை வந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்தபடி மரத்தை ஒரு சுற்று வந்தார். பிறகு, "ஒரு ஆணி இல்லாம கட்னேன். உங்கம்மா லாடத்தையே மாட்டிட்டு பூட்டுகீறா" என்றார்.

"எங்கம்மான்னு எப்படிண்ணா தெரியும்?"

"அந்தப் பொடவைய கட்டிக்கினு எத்தினி வருசம் நாத்து நட்டுகீது. ஊர்ல யாருக்குத் தெரியாது?" குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, வெள்ளிக்கெயம வரைக்கும் கம்முனு இரு. மேடம் மீட்டிங் முடியட்டும். அப்பால அவுத்து ஏரில வீசிடலாம். கேட்டா, வந்துது, நின்னு பூடுச்சுன்னு சொல்லிட்டுப் போறாங்க. மானத்துல இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. துடிப்பு வந்தது, நின்றது. அபூர்வமானது நிற்கத்தானே செய்யும். இந்த இடம் இன்னும் ஒரு வருடம் இருக்கும். மூன்றாவது பெயர் அச்சில் வரும். அம்மா கட்டிய லாடம் என்று பெரிய சபையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்றைய தாளில் வெப்பத்தைக் குறித்தாள். அதற்குக் கீழே, தினமும் நிரப்ப வேண்டிய கட்டம்: இரும்பு உண்டா, இல்லையா. பதினோரு மாதமாக யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிய கட்டம். நிரப்பாமல் மடித்து வைத்தாள். தினமும் தாளைப் படம் எடுத்து ஆதிலட்சுமிக்கு அனுப்புவாள். அன்று அனுப்பவில்லை.

வீட்டில் அவள் அம்மா அம்முலு கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். ஆட்டுக் கொட்டாய் வாசலில், வருடக்கணக்காக ஒரு லாடம் தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெளிறித் தெரிந்தது. தினமும் அந்த வழியாகத்தான் பிரிஸ்கில்லா சைக்கிளை எடுக்கிறாள்.

"யம்மா, நுணா மரத்துல லாடம் கட்னது நீதான?"

அம்முலு நிமிரவில்லை. "தெரிஞ்சிக்கினு அப்பால இன்னாத்துக்குக் கேக்குற?"

"எப்ப கட்ன?"

"ஞாயித்துக்கெயம. ஜெபம் முடிஞ்சு வரச்சொல்லோ."

ஞாயிற்றுக்கிழமை, சாம்சனைப் புதைத்த மறுநாள். பிரிஸ்கில்லா வாசற்படியில் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக மனதைத் தின்றுகொண்டிருந்த அந்த ஆறு கல்லுக்கும் இதில் பங்கில்லை. சனிக்கிழமை ஒழுங்காக நடந்திருந்தாலும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் இருபத்து நான்கு கல்லுக்கும் நடந்தாள். ஒன்றையும் விடவில்லை. இரும்பு இல்லை என்று மனசாட்சியோடு எழுதினாள். அந்த இரண்டு நாளும் அது அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"பாஸ்டருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவாரு?" என்றாள் கடைசியில்.

"இன்னா சொல்லுவாரு? அவுரு வூட்டு வாசக்கால்ல உள்பக்கமா ஒண்ணு கீது. பெருக்கச்சொல்லோ நானே பாத்துகீறேன்."

பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அந்த இடத்தில் இரும்பு ஏன் ஆகாது என்று முதலிலிருந்து சொன்னாள். குமிழைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைச் சொன்னாள். அம்முலு கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

"ஒரு லாடத்துக்கா அம்மாம் பெரிய மிஷினு ஆடுது? அப்ப அது மிஷினே இல்ல, பயந்தாங்கொள்ளி."

"அது ஆடணும்மா. ஆடத்தான் வெச்சிகீது."

அம்முலு முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்போது அவள் குரல் மாறியிருந்தது. "அந்தப் புள்ள ஆசப்பட்டுக் கேட்டுச்சு. நாம வேணாம்னோம். வேணாம்னு சொன்னவ நான். இப்ப அவன் அங்க படுத்துகீறான். நீ வெளக்கு வெக்கிற நேரத்துல தன்னந்தனியா அவன் எதுக்க போய் நிக்கிற. பெத்தவ நான் இன்னா பண்ணணும், சொல்லு."

சாம்சன் அப்படிப்பட்டவன் இல்லை என்று மட்டும் பிரிஸ்கில்லா சொன்னாள். நல்லவன் என்பதால்தான் பயம் என்றாள் அம்முலு. கெட்டவன் என்றால் வேறு எங்காவது போயிருப்பான். பிறகு அம்முலுவே முடிவு சொன்னாள். லாடத்தை அவிழ்ப்பதானால் அவிழ்த்துக்கொள்ளலாம், ஆனால் சாயங்காலம் தனியாகப் போகக் கூடாது, தானும் வருவேன்.

"நீ வந்தா தாலில ஊக்கு, இடுப்புல சாவி, கொண்டைல ஊசி, எல்லாம் இரும்பு."

"எல்லாத்தையும் அவுத்து வெச்சிட்டு வரேன். பொடவையாவது கட்டிக்கினு வரலாமா?"

வியாழன் காலை ஏழு மணிக்கு, முந்தைய நாள் நிரப்பாமல் விட்ட கட்டத்தில் "உண்டு" என்று எழுதி, படம் எடுத்து அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. எங்கே, என்ன, எத்தனை தூரம் என்று மூன்றே கேள்விதான் ஆதிலட்சுமி கேட்டாள். எதையும் தொடாதே என்று சொல்லி வைத்துவிட்டாள். பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் கூட்டத்துக்கு எடுத்துப்போக வேண்டிய கணினிப் பை தோளிலேயே இருந்தது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவளுடைய முகத்திலிருந்து பிரிஸ்கில்லாவால் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

காற்று இல்லாத நேரம். லாடம் அசையாமல் தொங்கியது, மிஷின் ரூமில் கோடும் நேராகப் போனது. துரையை ஒரு நீளமான மூங்கில் கழியோடு மரத்தடியில் நிற்க வைத்தார்கள். ஆதிலட்சுமி சன்னல் வழியே கையை உயர்த்தியதும் துரை லாடத்தை மெல்லத் தட்டினார். கோடு அலையாக எழுந்தது. ஒன்று புள்ளி மூன்று. அது அடங்கும் வரை காத்திருந்து மறுபடி தட்டச் சொன்னார்கள். மறுபடியும் அதே. மூன்றாம் தடவைக்கு முன் பிரிஸ்கில்லா, லாடத்தைத் தொடாமல் கழியை மட்டும் ஆட்டிப் பார்க்கலாமா அக்கா, கழியாலோ அண்ணன் நகர்வதாலோ வருகிறதா என்று தெரிய வேண்டும் இல்லையா என்று கேட்டாள். கேட்டபின் அதிகப்பிரசங்கித்தனமோ என்று பயந்தாள். ஆதிலட்சுமி தலையசைத்தாள். துரை வெறும் கழியைக் கோயில் கொடி மாதிரி ஆட்டினார். கோடு அசையவில்லை.

ஆதிலட்சுமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நாலு வருஷத்துல இவ்வளவு சுத்தமான கோடு எனக்கு வந்ததே இல்லை" என்றாள். "அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். காத்தைப் பத்தி ஒரு தடவைகூட நான் கேக்கலை. கேக்கத் தோணலைன்னு சொல்ல மாட்டேன். கேக்க மனசு வரலை."

யார் கட்டியது, ஏன் கட்டியது என்று பிரிஸ்கில்லா எல்லாவற்றையும் சொன்னாள். சாம்சனையும் சொன்னாள். ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. தன் ஊரில் பிரசவித்த வீட்டில் பேய் அண்டாமல் இருக்கத் தலையணைக்கு அடியில் அரிவாள் வைப்பார்கள், தன்னையே அப்படித்தான் பாதுகாத்தார்களாம் என்றாள். பிறகு, சனிக்கிழமைச் சுற்றுத் தாள்களைக் கேட்டாள். கூட்டத்தில் யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒன்றாம் தேதி அங்கே லாடமே இல்லை. அந்த ஆறு கல்லால் எதுவும் கெடவில்லை. பிரிஸ்கில்லா தாளை நீட்டும்போதே, "இதுல இருபத்து நாலுன்னு இருக்குக்கா. நடந்தது பதினெட்டு" என்றாள்.

ஆதிலட்சுமியின் முகம் அப்போதுதான் மாறியது. "லாடம் உன் தப்பில்லை" என்றாள். குரல் உயரவில்லை. "இது உன் தப்பு. நாளைக்கு நான் அந்த அறையில போய் நின்னு, எங்க தாள் எல்லாம் உண்மைன்னு சொல்லணும். நான் எதை வெச்சு சொல்வேன்?"

ஆதிலட்சுமி பேனாவை நீட்டினாள். பிரிஸ்கில்லா, இருபத்து நான்கின் மேல் அது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். எட்டாம் தேதித் தாளும் பதினைந்தாம் தேதித் தாளும் மிச்சம் இருந்தன. இரண்டிலும் "இரும்பு இல்லை" என்று இருந்தது. இதையும் அடிக்கட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம். அதுல நீ பார்த்ததைத்தான் எழுதியிருக்க. கீழே வேணும்னா எழுது, தரையை மட்டும் பார்த்தேன்னு."

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு லாடத்தை அவிழ்த்தார்கள். முக்காலியில் ஏறி அவிழ்த்தது பிரிஸ்கில்லாதான். ஆதிலட்சுமி உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு ஒரு சின்னப் படி இறங்கி நின்றதைப் பிறகு காட்டினாள். மூன்று வாரமாக அந்தப் படியின் மேலேதான் நின்றுகொண்டிருந்தோம் என்றாள். மிச்ச மதியம் முழுக்க, மறுநாள் காட்ட வேண்டிய பக்கங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை அழிக்கும்போது பிரிஸ்கில்லா திரையைப் பார்க்காமல் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கரை மேல் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன் என்றாள் ஆதிலட்சுமி. லாடத்தின் படத்தைக் காட்டியதும் ஒருவர் சிரித்தாராம், சிரிப்பு நிற்க வெகு நேரம் ஆயிற்றாம். இன்னொருவர், நான்கு மீட்டரில் ஆடும் லாடத்தைப் பார்க்கிற கருவி என்றால் கருவி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டாராம். நீட்டிப்பு கிடைக்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி என்பது முப்பத்தொன்றாம் தேதிதான். ஆனால் அதற்குள் இருக்கும் மாலைகளில் பதிவு சுத்தமாக வந்தால், எடுத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பேசுவோம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார்.

"அப்ப என் வேலை?" என்று கேட்க நினைத்து, "சரிக்கா" என்றாள்.

"தெரியலை பிரிஸ்கில்லா. உண்மையாவே தெரியலை" என்றாள் ஆதிலட்சுமி, கேட்காத கேள்விக்கு.

ஐந்தரைக்கு அம்முலு வந்தாள். கரை மேல் துரையின் வெட்டுக்கத்திக்குப் பக்கத்தில் ஊக்கு, சாவி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து வைத்துவிட்டு, அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்கினாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் பல்லையும் கழற்றச் சொல்வீர்கள் போலிருக்கிறது என்று துரையிடம் சொன்னாள். துரை, உனக்கு இருப்பது எல்லாம் சொந்தப் பல்தானே, பரவாயில்லை, வா என்றார். மகள் வெப்பத்தைக் குறிக்கும் வரை அம்முலு நுணா மரத்தடியில் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். உதடு அசைந்தது. பிரிஸ்கில்லா வெளியே வந்து பக்கத்தில் நின்றபோது, அம்மா சாம்சனின் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். காற்று இறங்கி மரத்தை அசைத்தது. இருவரும் முடித்துவிட்டு மிஷின் ரூமுக்குப் போனார்கள். திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இதைப் பார்க்கவா தினமும் வருகிறாய் என்று அம்முலு கேட்டாள். ஆமாம் என்றாள் பிரிஸ்கில்லா.

21-3-2025, வெள்ளி. மாலை 5.40க்கு வெப்பம் 46.2. முதலில் 42.6 என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். காற்று இருந்தது. துடிப்பு இல்லை. இன்றையதையும் சேர்த்து முப்பத்தொன்று வரை பதினோரு மாலை. நிலையம் இருக்குமா என்று தெரியாது. அம்மா தினமும் வருவதாகச் சொல்கிறாள். நாளை சனி, வாரச் சுற்று. சுற்று முடிந்ததும் இரண்டாம் தேதி முதல் பத்தொன்பதாம் தேதி வரை துடிப்பு வந்த பதினாறு மாலைகளின் தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் "லாடம்" என்று எழுதித் தேதி போட வேண்டும். எதையும் கிழிக்கக் கூடாது. ஒன்பது மணிக்குள் தொடங்க வேண்டும்.